கருத்தில்லாத குரல் தேவை

எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கியதும் போர்ட் ஹார்லனில் ஆட்கள் கார் சாவியைத் தேட ஆரம்பிப்பார்கள். பேஸ்பால் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். ஏழு முடியும்வரை எங்கள் ஹெரன்ஸ் அணிதான் முன்னால் இருக்கும். அதன்பிறகு, தொடக்கத்திலிருந்து எறிந்து களைத்த ஆளை உட்காரவைத்துவிட்டு, வலதுமூலை வேலிக்குப் பின்னால் இருக்கும் கூண்டிலிருந்து மாற்று வீச்சாளர்களைக் கூப்பிடுவார்கள். புல்பென் என்று அந்தக் கூண்டுக்குப் பெயர். அங்கிருந்து ஒருவர் பின் ஒருவராக ஓடிவருவார்கள். முன்னிலையை எடுத்து எதிரணியின் கையில் அலுங்காமல் குலுங்காமல் கொடுப்பார்கள். பிறகு போய் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மெல்லுவார்கள்.

என் இருக்கை அந்தக் கூண்டுக்கு நேர் மேலே. மைதானத்திலேயே மலிவான இடம், ஏரிக்காற்று நேராக முகத்தில் அறையும். அங்கே உட்கார்ந்து மூன்று வருஷமாக ஒரே வார்த்தையைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"சேஞ்சப்!"

சேஞ்சப் என்பது வேகப்பந்து மாதிரியே கையை விட்டுக் கிளம்பி, பாதி வழியில் மனசு மாறியதுபோல் மெதுவாக வந்து சேரும் பந்து. மட்டைக்காரன் அவசரப்பட்டுச் சுற்றிமுடித்த பிறகு அவனைத் தாண்டிப் போகும். எங்கள் கூண்டில் ஓபி ட்ராஸ்க் என்று ஒருவன் இருக்கிறான், நெட்டையன், காது சிவந்தவன். அவன் கைக்கு அந்தப் பந்து பிறவியிலேயே அமைந்தது. கூண்டுக்குள் உடம்பைச் சூடேற்றும்போது அவன் அதை எறிந்தால் பிடிக்கிறவனே ஏமாந்து முன்னால் சாய்வான். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்புறம் அவனை மைதானத்துக்குக் கூப்பிடுவார்கள். வேகப்பந்து எறிவான். அது வேலியைத் தாண்டிப் போகும். அடுத்ததும் வேகப்பந்து. அதுவும் போகும்.

ஏனென்றால் எதை எறிவது என்று எறிகிறவன் முடிவு செய்வதில்லை. முன்பெல்லாம் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் தன் தொடைகளுக்கு நடுவில் இரண்டு விரலைக் காட்டுவார், எறிகிறவன் தலையாட்டுவான், முடிந்தது வேலை. இந்த இரண்டு விரலின் வேலையைச் செய்ய இப்போது கிளப்பில் ஒரு முழு மாடி இருக்கிறது. பந்துத் தேர்வு முடிவுத் துறை. அவர்கள் போட்டுக்கொடுத்த அட்டையைக் கேட்சர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அதைப் பார்த்துத் தன் கால் கவசத்தில் இருக்கும் பொத்தான் பலகையை அழுத்துவார். எறிகிறவனின் தொப்பிக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி. அதில் பதிவுசெய்த ஒரு குரல், "வேகப்பந்து" என்று அவன் காதில் சொல்லும்.

அந்தத் துறையின் தலைவர் டாக்டர் ப்ரெஸ்டன் ஹாலோவெல். தத்துவத்தில் முனைவர். பேஸ்பாலைக் கையால் தொட்டதில்லை. தொட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

நானும் அந்தத் துறையில் வேலை கேட்டேன். அப்பா குழாய் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் நின்றார், அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைத்தார். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புள்ளியியல். நேர்காணலில் என் மதிப்பெண்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். கடைசியில், "நீங்க ஆட்டத்தை ரொம்பப் பாத்திருக்கீங்க, அது எங்க வேலைமுறைக்கு ஒத்துவராது" என்று அனுப்பிவைத்தார்கள். இப்போது எரிவாயுக் கம்பெனியில் போனை எடுத்து, "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லும் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் மைதானத்துக்குப் போய், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நடமாடும் அந்தக் கூட்டத்தைப் பார்ப்பேன். வயிறு எரியும். எரிகிறது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கத்துவேன். மூன்று வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஓபி ட்ராஸ்க் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்க வேண்டும்.

ஜூனில் எங்கள் கூண்டு தொடர்ந்து எல்லா ஆட்டத்தையும் கோட்டை விட்டது. ஜனங்கள் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஹாலோவெல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார்.

"தோத்தோம்னு சொல்றது ரொம்ப மேலோட்டமான பார்வை," என்றார். "முன்னிலைங்கறது யாருக்கும் சொந்தமில்லை. அதை நாங்க பகிர்ந்துக்கிட்டோம். ஆனாலும் ரசிகர்கள் மனசு வருத்தப்படுதுங்கறதால ஒரு ஆய்வு பண்ணோம். எறியறவங்க மேல தப்பில்லை. பந்துத் தேர்வு மேல நிச்சயமா தப்பில்லை. தப்பு, தொப்பிக்குள்ள இருக்கற குரல் மேல."

ஒரு நிருபர் கேட்டார். "குரலா?"

"இப்ப இருக்கறது கம்பெனிக்காரன் பதிஞ்சு குடுத்த குரல். அதுல ஊர் வாசம் இல்லை. நம்ம ரசிகர் ஒருத்தரோட குரலை வைக்கப்போறோம்."

நான் வாயில் இருந்த பொரித்த உருளைக்கிழங்கை விழுங்க மறந்துவிட்டேன்.

குரல் தேர்வு நடந்த சனிக்கிழமை மைதானத்தைச் சுற்றி வரிசை நின்றது. கசாப்புக்கடைக்காரர்கள், தேவாலயத்துப் பாடகர்கள், வீடு விற்கும் தரகர்கள் எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள். என் கார் பழுது. அதனால் சித்தி மகள் இவெலிஸின் காரில் போனேன். என்னைவிட ஒரு வயது சின்னவள். அவளுக்கும் எனக்கும் குரல் ஒன்றே. போனில் பேசினால் என் அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது. ஒருமுறை என்னை அவளென்று நினைத்து என்னைப் பற்றியே என்னிடம் அரைமணி நேரம் புலம்பியிருக்கிறார்.

"அக்கா, இதுக்குப் போய் ஏன் இப்படிப் பல்லைக் கடிக்கற?" என்றாள் இவெலிஸ், கண்ணாடியில் உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்தபடி.

"உனக்குப் புரியாதுடி. நான் சொன்னா ஓபி காதுல விழும்."

"ஓபின்னா யாரு? அந்தக் குண்டா இருப்பானே, அவனா?"

"அது நடுவர்."

உள்ளே ஒரு கண்ணாடி அறை. ஒலிவாங்கிக்கு மேலே ஒரு விளக்கு. ஹாலோவெல்லும், காதில் கருவி மாட்டிய ஒரு பெண்மணியும் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். "வேகப்பந்து." விளக்கு சிவந்தது. "ஸ்லைடர்." சிவப்பு. "கர்வ்." சிவப்பு.

"குரல் நல்லா இருக்கும்மா," என்றார் ஹாலோவெல் வருத்தத்தோடு. "ஆனா அதுல கருத்து இருக்கு."

"எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும். 'வேகப்பந்து'ன்னு நீங்க சொல்லும்போது, 'வேண்டாம்'னு கேக்குது."

"வேண்டாம்தான். ஓபிக்கு அது சரிவராது. அவனுக்கு..."

"பாத்தீங்களா," என்றார் அவர் பக்கத்திலிருந்த பெண்மணியிடம். அந்தப் பெண்மணி தலையாட்டிக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கருத்தைத் தாங்கற சக்தி எறியறவனுக்குக் கிடையாதும்மா. அவன் தோள் ஏற்கெனவே வலிக்குது."

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு இவெலிஸ் எட்டிப்பார்த்தாள்.

"இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

விளக்கு பச்சையாயிற்று.

அந்தப் பெண்மணி காதிலிருந்த கருவியைக் கழற்றினார். ஹாலோவெல் மெதுவாக எழுந்து நின்றார், தேவாலயத்தில் எழுவதுபோல.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"பாத்ரூம்... எங்க?"

"ஆகா," என்றார் ஹாலோவெல். "எதிர்பார்ப்பே இல்லை."

அந்த வாரமே இவெலிஸ் ஹெரன்ஸ் அணியின் குரல் ஆனாள். நீல நிற ஜாக்கெட் கொடுத்தார்கள். முதுகில் வீரர்களுக்கு எண் இருக்கும் இடத்தில் "குரல்" என்று தைத்திருந்தார்கள். மைதான வாசலை ஒட்டி, பெயர் எழுதிய கார் நிறுத்துமிடம். தேன் மிட்டாய் வைத்துக்கொண்டு கூடவே நடக்க ஓர் ஆள். ஏரிக்காற்று தொண்டைக்கு ஆகாது என்று கண்ணாடிப் பெட்டிக்குள் சாய்வு நாற்காலி. நான் மூன்று வருஷமாக அந்தக் காற்றைக் குடித்துக் கத்தியவள். எனக்கு ஒருவரும் ஒரு மிட்டாய் நீட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் பாஸ்டெலெஸ் அவித்திருந்தார். வாழைக்காய் மாவுக்குள் இறைச்சி வைத்து இலையில் கட்டி, கிறிஸ்துமஸுக்கு மட்டும் அவிப்பது அது. ஜூலையில் அவித்திருந்தார். பெரியதாகப் பார்த்து வாழையிலையைப் பிரித்து இவெலிஸின் தட்டில் வைத்தார்.

"காரம் போடலைடா கண்ணு. தொண்டை முக்கியம்."

"எனக்குக் காரம் வேணும்," என்றேன்.

"உனக்கென்ன, நீ கத்தறவதானே." அம்மா என் பக்கம் திரும்பினார். "சின்னதுலேர்ந்து எதுக்கெடுத்தாலும் வாய். கொஞ்சம் வாயைக் குறைச்சிருந்தா அந்த ஜாக்கெட் இந்நேரம் உன் முதுகுல இருந்திருக்கும். படிப்புக்குத்தான் அவ்வளவு செலவு பண்ணோம்."

அப்பா இவெலிஸின் ஜாக்கெட் துணியை இரண்டு விரலால் தொட்டுப்பார்த்துவிட்டு, "நல்ல சரக்கு" என்றார். என் பட்டத்தை அவர் அப்படித் தொட்டுப்பார்த்ததில்லை. அது கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

"அக்கா," என்று இவெலிஸ் என் காதோரம் குனிந்தாள். "இந்த ஸ்லைடர், கர்வ், இதுல வளைஞ்சு போறது எது?"

"ரெண்டும்."

"அப்ப எதுக்கு ரெண்டு பேரு?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

புதுக் குரல் வந்ததும் அணி இரண்டு ஆட்டம் ஜெயித்தது. இரண்டிலும் எதிரணியில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. ஹாலோவெல் துறையை இன்னொரு மாடிக்கு விரித்தார். குரல் ஈரப்பதப் பிரிவு, குரல் ஓய்வுப் பிரிவு, குரல் அமைதிப் பிரிவு. அமைதிப் பிரிவின் வேலை, இவெலிஸ் பேசாமல் இருக்கும்போது அந்த அமைதி எப்படி இருக்கிறது என்று கவனிப்பது. அதில் இருவர், நல்ல சம்பளத்தில்.

பிறகு எதிரணிக்காரர்களுக்கு வயிறு சரியானது. நாங்கள் பழையபடி தோற்க ஆரம்பித்தோம். இப்போது வேகப்பந்து என்பதை எங்கள் ஊர்க் குரல் சொல்லிற்று. ஊர்வாசத்தோடு வேலியைத் தாண்டிப் போயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் ஓபி ட்ராஸ்க் படியேறி அந்த மாடிக்குப் போனான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்றைக்குத் தேன் மிட்டாய் தின்றுகொண்டு இவெலிஸ் அங்கே இருந்தாள்.

"பாவம்க்கா, தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னான். 'ஐயா, இந்தப் பலகைல சேஞ்சப்புக்குப் பொத்தானே இல்லை. எனக்குத் தெரிஞ்ச நல்ல பந்தே அதுதான். இந்த வருஷம் முடிஞ்சா என்னை அனுப்பிடுவீங்க, அதுக்குள்ள ஒரு தடவையாவது எறியவிடுங்க'ன்னான்."

"அவர் என்ன சொன்னார்?"

"'உங்க உணர்வை மதிக்கறோம். பொத்தான் வைக்கறோம்'னார்."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "நிஜமாவா?"

"பொத்தான் மட்டும். அழுத்த மாட்டாங்களாம். பொத்தான் இருக்குங்கற நம்பிக்கையே போதுமாம். அழுத்தறதெல்லாம் இரண்டாம் கட்டமாம், வர்ற வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ." பிறகு நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா பதியணுமாம், அந்த ஒரு வார்த்தையை. புதன்கிழமை. அன்னைக்குத்தான் எனக்குப் பார்லர்ல நகம் வைக்க நேரம் குடுத்திருக்காங்க. அக்கா, நீ போயேன். ஒரு வார்த்தைதானே? நம்ம குரல் ஒண்ணுதானே?"

அவளுக்கு அது ஒரு வார்த்தை. பேருந்தில் வேலைக்குப் போகும்போது உதட்டுக்குள் சொல்லிப் பழகும் அளவுக்கு எனக்கு அதில் வேறு என்னவெல்லாமோ இருந்தன. ஜாக்கெட்டைக் கொடு என்றேன்.

வாசல் காவலர் ஜாக்கெட்டைப் பார்த்தார். லிஃப்டில் நின்றவர் ஜாக்கெட்டைப் பார்த்தார். பதிவறையில் ஹாலோவெல் ஜாக்கெட்டுக்குக் காலை வணக்கம் சொன்னார். ஒருவரும் கழுத்துக்கு மேலே பார்க்கவில்லை. தேன் மிட்டாய்க்காரர் ஒரு மிட்டாயை நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

"சேஞ்சப்," என்றேன்.

விளக்கு சிவந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதற்றம்.

"என்னம்மா ஆச்சு? கருத்து வருதே! உடம்பு சரியில்லையா?"

"சேஞ்சப்." சிவப்பு. இன்னும் அடர்த்தியாக.

ஓய்வுப் பிரிவிலிருந்து ஒருவர் போர்வை கொண்டுவந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறெதையாவது நினைக்கப் பார்த்தேன். இவெலிஸின் கார் நிறுத்துமிடத்தை நினைத்தேன், அறையே சிவப்பாயிற்று. அப்புறம்தான் தோன்றியது. நான் தினமும் எட்டு மணி நேரம் செய்கிற வேலை இதுதானே? குளிரில் ஹீட்டர் அணைந்துபோய் ஒரு பெண் போனில் அழும்போது, 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று சொல்கிறேனே, அந்தக் குரல். அதற்காகத்தானே எனக்குச் சம்பளம்? என்னைத் தூக்கி ஒரு ஓரமாக வைத்தேன்.

"சேஞ்சப்."

பச்சை.

"அதேதான்!" என்று ஹாலோவெல் கைதட்டினார். "இதோ இவங்க திரும்ப வந்துட்டாங்க!"

வருஷத்தின் கடைசி ஆட்டம். பிற்பகல் வெயில், பாதி இருக்கைகள் காலி. ஜெயித்தால் கடைசி இடம் எங்களுக்கு இல்லை, ஸ்டோக்கர்ஸ் அணிக்கு. அவ்வளவுதான் பரிசு. எட்டாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ஓட்டம் முன்னிலை. மூன்று தளத்திலும் எதிரணி ஆட்கள் ஓட்டமெடுக்கக் காத்து நிற்கிறார்கள். ஓபி எறிகிறான். இன்றைக்கும் கோட்டைவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இன்னும் ஒரு பந்து. மட்டைக்காரன் ஏமாந்தால் எங்களுக்கு. ஏமாறாவிட்டால் அவர்களுக்கு.

அதற்கு முந்தைய பந்து தரையில் குத்தி எகிறியிருந்தது. கேட்சர் லூகாஸ் குப்புற விழுந்து உடம்பால் அதைத் தடுத்திருந்தார். அந்த உருளலில் அவர் கால் கவசத்தில் கட்டியிருந்த பலகை தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. அவர் பார்க்கவில்லை. மணிக்கட்டு அட்டையைப் பார்த்தார், வேகப்பந்து. வழக்கமாக அந்தப் பொத்தான் இருக்கும் மூலையைப் பழக்கத்தில் அழுத்தினார். அங்கே இப்போது இருந்தது, யாரும் அழுத்தக்கூடாத பொத்தான். இதையெல்லாம் லூகாஸே பிறகு வானொலியில் சொன்னார்.

நான் பார்த்தது இது. ஓபி அடியை எடுத்துப் பின்னால் வைத்தான். தொப்பியின் விளிம்பைக் காதோடு சேர்த்து அழுத்தினான். சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை கேட்டான். லூகாஸ் எரிச்சலோடு திரும்ப அழுத்தினார். ஓபி தொப்பியை விட்டுக் கையை எடுக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது, அவன் சிரித்தான். பிறகு தலையாட்டினான். சரி என்று.

எனக்குச் சரி என்று சொன்னான்.

பந்து கிளம்பியது, வேகப்பந்து மாதிரியே. மட்டைக்காரன் முழு பலத்தோடு சுற்றினான், தன் முழங்காலில் தானே விழுந்தான். பந்து அதற்குப் பிறகு சாவகாசமாக வந்து, பிடிக்கத் தடுமாறிய லூகாஸின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது.

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். எனக்கே கேட்கவில்லை. ஏனென்றால் பெரிய திரையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புது நகத்தோடு கையசைக்கும் இவெலிஸைக் காட்டினார்கள். மைதானமே, "குரல்! குரல்!" என்று எழுந்து நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் என் தோளை உலுக்கினார்.

"பாத்தீங்களா அந்தப் பொண்ணை? என்ன ஒரு குரல்!"

ஒன்பதாவது இன்னிங்ஸ் சும்மா முடிந்தது, ஜெயித்தோம். ஹாலோவெல் பேசினார்.

"பலகை தானா திரும்பிக்கிச்சுன்னு சிலர் சொல்றாங்க. எங்க கணக்குப்படி அது எப்படியும் ஒருநாள் திரும்பவேண்டியதுதான். அதுக்காகத்தான் பொத்தானை அந்த மூலைல வெச்சோம்."

"அப்ப ஓபி ட்ராஸ்கைத் தக்கவெச்சுப்பீங்களா?"

"இல்லை. காணொளியைப் பாத்தோம். எறியறதுக்கு முன்னாடி அவர் சிரிச்சார். சிரிப்புங்கறது கருத்து."

ஓபியை ஸ்டோக்கர்ஸுக்கு விற்றார்கள்.

பனிக்காலத்தில் இன்னொரு அறிவிப்பு வந்தது. புது வருஷத்தின் முதல் ஆட்டத்துக்கு வருகிறவர்களுக்கு இலவசமாகத் தலையாட்டி பொம்மை. எங்கள் ஊரில் பெரிய வீரர்களுக்கு மட்டும் செய்வது அது. இந்த முறை இவெலிஸுக்கு. ஜாக்கெட்டோடு, சாயத்தோடு. முதுகில் ஒரு பொத்தான். அழுத்தினால் பேசும். வரலாற்றையே மாற்றிய அந்த வார்த்தையை.

என் குரல். அவள் தலைக்குள்.

நான் இவெலிஸை இழுத்துக்கொண்டு ஹாலோவெல்லிடம் போனேன். வழியில் காரில் அவளிடம் சொன்னேன். "நீ உண்மையைச் சொல்லிடு. அந்த ஒரு வார்த்தை மட்டும் அக்காவோடதுன்னு."

"சொல்றேன்க்கா. எனக்கென்ன." கொஞ்ச தூரம் ஓட்டினாள். "சொன்னா ஜாக்கெட்டைத் திருப்பிக் கேப்பாங்களா?"

"கேக்கலாம்."

"அந்தக் கார் நிறுத்தற இடம்?"

"அதையும்தான்."

மாடிக்குப் போனதும் அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, பேசக்கூடாத நாள் என்று சைகை செய்தாள். அமைதிப் பிரிவுக்காரர்கள் இருவரும் பக்தியோடு அதைக் கவனித்தார்கள்.

ஹாலோவெல் பொறுமையாகத்தான் கேட்டார். "சரிம்மா. அது உங்க குரல்னா, சொல்லிக் காட்டுங்க."

விளக்கைப் பார்த்தேன். எரிவாயுக் கம்பெனியை நினைத்தேன். 'உங்கள் பொறுமைக்கு நன்றி'யை நினைத்தேன். அந்தக் குரல் வரவில்லை. அடுத்தவர் அழும்போது வருகிற குரல் அது. எனக்குச் சேரவேண்டியதை நானே கேட்கும்போது எங்கிருந்து வரும்?

"சேஞ்சப்," என்றேன்.

விளக்கு சிவந்த வேகத்தில் அதன் உள்ளே ஏதோ பட்டென்று உடைந்தது.

"நீங்க இல்லை," என்றார் ஹாலோவெல் மிருதுவாக. "நீங்க இல்லவே இல்லைம்மா."

ஏப்ரலில் முதல் ஆட்டம் ஸ்டோக்கர்ஸோடு. மைதானம் நிரம்பியிருந்தது, எல்லா மடியிலும் ஒரு பொம்மை. ராசி என்று நினைத்து, எந்தச் சங்கடம் வந்தாலும் அழுத்தினார்கள். எங்கள் ஆட்கள் ஏழு இன்னிங்ஸ் முன்னால் இருந்தார்கள். எட்டாவதில் கூண்டு திறந்தது. வேகப்பந்து, வேகப்பந்து, வேகப்பந்து. நாங்கள் பின்னால் போனோம். ஒன்பதாவதில் எங்கள் கடைசி மட்டைக்காரன் நின்றான். அவனை முடிக்க எதிர்ப்பக்கக் கூண்டிலிருந்து ஓடிவந்தவன், நெட்டையன், காது சிவந்தவன்.

இன்னும் ஒரு பந்து. எறியப்போவது எதிரி என்றுகூடப் பார்க்காமல் ஊரே பொத்தானை அழுத்திற்று.

"சேஞ்சப்," என்றன பொம்மைகள். முப்பதாயிரம் பொம்மைகள், ஒரே குரலில், என் குரலில், யாரிடமும் எதையும் வேண்டாத தொனியில். முப்பதாயிரம் தலைகள் ஆடின.

ஓபி அடியை எடுத்துப் பின்னால் வைத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். தொப்பியைத் தொடவில்லை. தொடத் தேவையில்லை. சிரித்தான். தலையாட்டினான்.

எங்கள் மட்டைக்காரனுக்கும் காது இருக்கிறது. என்ன வரப்போகிறது என்று மைதானமே அவனுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் துறை அவனுக்கும் ஓர் அட்டை கொடுத்திருந்தது, அதில் வேகப்பந்து வரும் என்று போட்டிருந்தது. அட்டைக்கு ஏற்றபடி முழு பலத்தோடு சுற்றினான். முழங்காலில் விழுந்தான். பந்து பிறகு வந்தது.

தோற்றோம். நான் எழுந்து நின்று கைதட்டினேன். காவலாளி ஓடிவந்தார்.

"உக்காருங்கம்மா, வேற ஊர்க்காரனுக்குக் கைதட்டறீங்க. கத்தணும்னா பொம்மையை அழுத்துங்க."

"அது நான்தான்," என்றேன். "அந்தக் குரல்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் இருக்கையில் கிடந்த பொம்மையைப் பார்த்தார்.

"இவங்க எவ்வளவு அமைதியாப் பேசறாங்க," என்றார்.

மைதானத்தின் நடுவில் ஓபி திரும்பினான். யாரையோ தேடினான். எங்கள் பக்கம், கூண்டுக்கு மேலே இருக்கும் மலிவு இருக்கைகள் பக்கம், அவன் கண் வந்ததாகவே எனக்குத் தோன்றியது. கையைத் தூக்கினேன். அவன் கண் என்னைத் தாண்டி மேலே போயிற்று, கண்ணாடிப் பெட்டி வரைக்கும். அங்கே நின்றது. அவன் தொப்பியைக் கழற்றி, மார்பில் வைத்து, குனிந்தான்.

இவெலிஸ் கண்ணாடிக்குப் பின்னால் கையசைத்தாள். அழகாகத்தான் இருந்தது. அதில் ஒரு கருத்தும் இல்லை.